பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து பாருங்க

என் மாமாவுக்கு ஊர் பரளச்சி. திருச்சுழி தாலுகாவுல இருக்கிற கரிசல்காட்டு ஊர். அங்கே ஒரு பழைய டீசல் காரை வாடகைக்கு ஓட்டுறார். கல்யாணம், காதுகுத்து, மதுரை ஏர்போர்ட், ராத்திரி ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் சுத்துப்பட்டுல பாதிப் பேர் அவரைத்தான் கூப்பிடுவாங்க. போன டிசம்பர்ல அந்தக் காருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள மூணாவது பேட்டரி வாங்க வேண்டிய நிலைமை வந்துச்சு. ஒரு பேட்டரி 6,000 ரூபாய்க்கு மேல. அவர் மாதிரி ஒருத்தருக்கு அது ரெண்டு வார வருமானம்.

பழுது பேட்டரியில இல்லைங்கிறது பிறகுதான் தெரிஞ்சுது. இதுல என் கருத்து ரெண்டு. ஒண்ணு, வண்டியில எது கெட்டிருக்குன்னு கண்டுபிடிக்கிறது தனி வேலை, அதுக்குத் தனியா கூலி கொடுக்கணும். ரெண்டு, அந்த வேலையை நம்ம காலேஜ் நமக்குச் சொல்லித் தரல. இதை நான் தைரியமா சொல்றதுக்குக் காரணம், அந்தக் காரை முதல்ல பார்த்துத் தப்பா சொன்னவன் நான்தான்.

நவம்பர்ல ஒரு ராத்திரி 2 மணிக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத்திணறல். மாமா காரை எடுத்திருக்கார். வழியில பாட்டியோட மகளை ஏத்திக்கிறதுக்காக ஒரு தெருவுல நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணினார். திரும்பச் சாவியைத் திருப்பினா 'டிக் டிக்'னு சத்தம் மட்டும்தான். தெருக்காரங்க நாலு பேர் எழுந்து வந்து தள்ளினாங்க. கொஞ்ச தூரம் தள்ளின பிறகு ஸ்டார்ட் ஆச்சு. பாட்டி பிழைச்சுட்டாங்க. ஆனா மாமா அதுக்கப்புறம் ராத்திரி சவாரிக்கு வர மாட்டேன்னு சொல்ல ஆரம்பிச்சார். "ஆளை ஏத்திக்கிட்டு நடுவழியில நின்னா யாருப்பா பதில் சொல்றது?"ன்னு கேட்டார்.

பேட்டரிக் கடையில மீட்டர் வச்சுப் பார்த்தாங்க. இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட். "சார்ஜிங் நல்லா இருக்கு, பேட்டரிதான் போச்சு"ன்னு சொல்லிட்டாங்க. முதல் பேட்டரி போனப்பவும் இதே பதில்தான். அந்தக் கடையை நான் குறை சொல்லல. அவங்க அளந்த எண் சரி. அளந்த நேரம்தான் தப்பு. அது ஏன்னு கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

செமஸ்டர் லீவுல நான் ஊருக்குப் போனதும் மாமா, "மாப்ள, நீ கரண்ட்டுதானே படிக்கிற, என்னன்னு பாரு"ன்னார். நான் இஇஇ ஃபைனல் இயர். மூணு ஃபேஸ் ஆல்டர்னேட்டருக்கு ஈஎம்எஃப் முறையிலயும் எம்எம்எஃப் முறையிலயும் ரெகுலேஷன் கண்டுபிடிச்சு, கிராஃப் ஷீட் ஒட்டி, ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கினவன். கெத்தா மல்டிமீட்டரை எடுத்துட்டுப் போனேன். ஆல்டர்னேட்டர்ல இருந்து பேட்டரிக்குப் போற தடி ஒயரைக் கன்டினியூட்டியில வச்சுப் பார்த்தேன். 'பீப்' சத்தம் வந்துச்சு. "ஒயர் நல்லா இருக்கு மாமா, பேட்டரிதான்"னு சொல்லிட்டேன். மாமா பணம் புரட்டப் போயிட்டார்.

அத்தைதான் விடல. "அருப்புக்கோட்டையில ஒரு எலக்ட்ரீஷியன் இருக்காராம், வாங்குறதுக்கு முன்னாடி அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க"ன்னாங்க. போனோம்.

அந்த அண்ணன் பேட்டரியில மீட்டரை வச்சு, இன்ஜினை ஓட விட்டார். 13.8. "எல்லாரும் இதோட நிறுத்திருவாங்க தம்பி"ன்னு சொல்லிட்டு, ஹெட்லைட்டை ஹைபீம்ல போடச் சொன்னார். ஏசி ப்ளோயரை முழுசா வைக்கச் சொன்னார். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதிக்கச் சொன்னார். பேட்டரியில 13.1க்கு இறங்குச்சு. அப்புறம் நேரா ஆல்டர்னேட்டரோட தடி முனையில வச்சுப் பார்த்தார். அங்கே 14.2. கடைசியா மீட்டரோட சிவப்பு முனையை ஆல்டர்னேட்டர் முனையிலயும் கருப்பு முனையை பேட்டரி ப்ளஸ்லயும் வச்சார். 1.1 வோல்ட் காட்டுச்சு. "ஒரு வோல்ட்டு வழியிலேயே காணாமப் போகுது பாருங்க"ன்னார்.

இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, ஒயர் நுனியில இருந்த ரப்பர் ஸ்லீவை இழுத்தார். உள்ளே லக் பச்சை பூத்துக் கிடந்துச்சு. பக்கத்துல இன்சுலேஷன் கருகி, காய்ஞ்ச பனை ஓலை மாதிரி விறைச்சிருந்துச்சு. மொத்தம் 15 நிமிஷம்.

வீட்டுக்கு வந்து ஒரு பேப்பர்ல போட்டுப் பார்த்தேன். ஹெட்லைட், ப்ளோயர், பேட்டரிக்குப் போற சார்ஜ் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 30 ஆம்பியர்னு வச்சுக்குவோம். 1.1 வோல்ட்டை 30ஆல வகுத்தா 0.037 ஓம். அவ்வளவுதான் அந்த லக்கோட ரெசிஸ்டன்ஸ். என் மீட்டர் ஒயரோட ரெசிஸ்டன்ஸே அதைவிட அதிகம். கன்டினியூட்டியில 'பீப்' வராம என்ன செய்யும்? இப்ப பேட்டரிக் கடையில அளந்ததைப் பாருங்க. லைட் போடல, ப்ளோயர் போடல, 10 ஆம்பியர் ஓடிருக்கும். 0.037ஐ 10ஆல பெருக்கினா 0.37 வோல்ட். 14.2ல அதைக் கழிச்சா 13.8. அவங்க பார்த்த அதே எண். பகல்ல, லோடு இல்லாம அளந்தா அந்தக் கார் ஆரோக்கியமான கார். ராத்திரி லைட் போட்டு ஓடினா அது நோயாளி. மாமாவோட சவாரியில பாதி ராத்திரியிலயும் விடியக்காலையிலயும்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கு. 1.1 வோல்ட், 30 ஆம்பியர். பெருக்கினா 33 வாட். நம்ம லேப்ல இருக்கிற சோல்டரிங் அயர்ன் அளவு சூடு அந்த ஒரு லக்குல உட்கார்ந்திருக்கு. இன்சுலேஷன் கருகினது அதனாலதான். ஓம் விதி நாம பத்தாம் வகுப்புல படிச்சது. எனக்குத் தெரியாத எதையும் அந்த அண்ணன் பயன்படுத்தல. எங்கே, எப்போ அளக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சுது. எனக்குத் தெரியல.

வேற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காக, சார்ஜிங் சிஸ்டம் என்ன செய்யுதுன்னு சுருக்கமா சொல்லிடுறேன். இன்ஜின் ஓடும்போது பெல்ட் மூலமா ஆல்டர்னேட்டர் சுத்தும். உள்ளே சுத்துற ரோட்டருக்கு கார்பன் ப்ரஷ் வழியா கொஞ்சம் கரண்ட் போகும். அதைச் சுத்தி இருக்கிற ஸ்டேட்டர்ல மூணு ஃபேஸ் ஏசி உருவாகும். டையோடுகள் அதை டிசியா மாத்தும். வோல்டேஜ் எகிறாம ரெகுலேட்டர் பார்த்துக்கும். ஸ்டார்ட் பண்ண மட்டும்தான் பேட்டரி. ஓட ஆரம்பிச்ச பிறகு லைட், ஃபேன், ஹாரன் எல்லாத்துக்கும் ஆல்டர்னேட்டர்தான் கரண்ட் கொடுக்குது, செலவான சார்ஜையும் பேட்டரிக்குத் திருப்பித் தருது.

மாமா கார்ல ரெகுலேட்டர் தன் வாசல்ல 14.2 இருக்கிறதைப் பார்த்துத் திருப்தியா இருந்துச்சு. பேட்டரி வாசலுக்கு என்ன வந்து சேர்ந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. பேட்டரி எப்பவுமே அரை வயித்தோட இருந்தா, தட்டுகள்ல லெட் சல்ஃபேட் படிகமா இறுகிடும். பிறகு சார்ஜ் ஏத்தினாலும் முழுசாப் பிடிக்காது. அதனால பேட்டரி கெட்டதும் உண்மைதான். ஆனா அது விளைவு. காரணம் அந்த லக். காரணத்தை விட்டுட்டு விளைவை மட்டும் மாத்தினா, புது பேட்டரியும் அதே வழியிலதான் போகும். மாமாவுக்கு ரெண்டு தடவை போச்சு.

"நம்ம ஊர் வெயிலுக்கு பேட்டரி தாங்காதுப்பா"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அதுல உண்மை இருக்கு. வெப்பம் 10 டிகிரி கூடினா லெட் ஆசிட் பேட்டரியோட ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்னு ஒரு பொதுக்கணக்கு உண்டு. கத்திரி வெயில்ல கரிசல்காட்டு ரோட்டுல ஓடுற காரோட பானெட்டுக்குள்ள என்ன சூடு இருக்கும்னு சொல்லத் தேவையில்ல. ஆனா இப்படி ஒரு நல்ல காரணம் எப்பவும் கையில இருக்கிறதுதான் பிரச்சனை. எல்லாப் பழியையும் வெயில் மேல போட்டுட்டு பில் போட்டுடலாம். யாரும் திருப்பிக் கேட்க மாட்டாங்க.

சரி, எப்படி அளக்கிறது? 200, 300 ரூபாய் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ஓடுற பெல்ட், ஃபேன் பக்கம் கை, துப்பட்டா, சட்டை நுனி போகாம பார்த்துக்கோங்க. அந்த அண்ணன் சொல்லிக் கொடுத்த வரிசை இது.

முதல்ல கண்ணால பாருங்க. பெல்ட் தளர்ந்திருக்கா, பேட்டரி முனையில வெள்ளையா பூத்திருக்கா, டெர்மினல் ஆடுதா? சாவியை ஆன் பண்ணி இன்ஜினை ஓட விடாம டேஷ்போர்டைப் பாருங்க. சிவப்பு பேட்டரி விளக்கு எரியணும். இன்ஜின் ஓடினதும் அணையணும். சாவி போட்டும் எரியலைன்னா சந்தோஷப்படாதீங்க. பல பழைய வண்டிகள்ல ஆல்டர்னேட்டருக்கு ஆரம்ப கரண்ட்டே அந்த விளக்கு வழியாத்தான் போகுது. பல்பு ஃபியூஸ் ஆனா சார்ஜிங்கே தொடங்காமப் போகலாம்.

அடுத்து, சில மணி நேரம் சும்மா நின்ன வண்டியில பேட்டரியை அளங்க. 12.6 வோல்ட் பக்கத்துல இருந்தா முழு சார்ஜ். 12.2ன்னா ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போனா வயிறு காலி. பிறகு இன்ஜினை ஓட விட்டு அளங்க. பெரும்பாலான வண்டிகள்ல 13.8ல இருந்து 14.5க்குள்ள இருக்கும். 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர் சந்தேகம். பேட்டரித் தண்ணி சீக்கிரம் வத்துறதும் அதுக்கு ஒரு அடையாளம்.

இதோட நிறுத்தாம லைட், ப்ளோயர் எல்லாம் போட்டு மறுபடியும் அளங்க. எண் ரொம்ப இறங்கினா, ஆல்டர்னேட்டர் முனைக்கும் பேட்டரி ப்ளஸ்ஸுக்கும் நடுவுல எவ்வளவு விழுதுன்னு பாருங்க. அதே மாதிரி ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுலயும் பாருங்க. 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டினா அந்த வழியில எங்கேயோ ஒரு லக் துரு பிடிச்சிருக்கு, இல்ல எர்த் லூசா இருக்கு. ரெண்டு வழியும் சுத்தமா இருந்து, ஆல்டர்னேட்டர் முனையிலேயே வோல்டேஜ் குறைஞ்சா, அப்பதான் பெல்ட், ப்ரஷ், ரெகுலேட்டர், டையோடுன்னு உள்ளே போகணும். மீட்டரை ஏசியில வச்சு பேட்டரியில அளக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா டையோடு போயிருக்க வாய்ப்பு அதிகம்.

சார்ஜிங் எல்லாம் சரி, ஆனா ரெண்டு நாள் நிறுத்தி வச்சா ஸ்டார்ட் ஆகலைன்னா, அது கசிவு. எல்லாம் ஆஃப்ல இருக்கும்போது பேட்டரியில இருந்து ஏறக்குறைய 50 மில்லி ஆம்பியருக்கு மேல போகக்கூடாது. அரை ஆம்பியர் போனா ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் அவர். 45 ஆம்பியர் அவர் பேட்டரி ரெண்டு நாள்ல பாதிக்கு மேல காலி. பின்னாடி மாட்டின ஆம்ப்ளிஃபயர், ஜிபிஎஸ் இதெல்லாம் முதல்ல பார்க்க வேண்டிய ஆளுங்க.

ஒண்ணு மட்டும் செய்யவே செய்யாதீங்க. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டி, 'வண்டி ஓடுதா, அப்ப ஆல்டர்னேட்டர் ஓகே'ன்னு பார்க்கிற பழக்கம் இன்னும் நிறைய இடத்துல இருக்கு. இசியு, சென்சார் எதுவும் இல்லாத காலத்து வண்டிகள் அதைத் தாங்கிக்கிச்சு. சார்ஜ் ஆகிட்டிருக்கிற பேட்டரியைத் திடீர்னு பிரிச்சா ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் எகிறும். 'லோடு டம்ப்'னு பேர். ஐஎஸ்ஓ 16750 தரநிலையில 12 வோல்ட் வண்டிகளுக்கான இந்தச் சோதனைக்கு வச்சிருக்கிற அளவு 79ல இருந்து 101 வோல்ட் வரை. 6,000 ரூபாய் பேட்டரியைச் சோதிக்கப் போய் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள இசியுவை எரிச்ச கதையாயிடும்.

இப்ப கூலி விஷயத்துக்கு வர்றேன். லக்கை வெட்டி, புது லக் அடிச்சு, ரெண்டடி ஒயர் மாத்தி, அந்த அண்ணன் கேட்டது 350 ரூபாய். மாமா, "ஒரு லக்கு மாத்துனதுக்கா 350?"ன்னு பேரம் பேசினார். நானும் மனசுக்குள்ள அதையேதான் நினைச்சேன். திரும்பி வரும்போதுதான் உறைச்சுது. ரெண்டு பேட்டரிக்கு 12,000 ரூபாய் கொடுத்தப்ப மாமா பேரம் பேசல. ஏன்னா கையில கனமா ஒரு பெட்டி வந்துச்சு. கண்டுபிடிச்சதுக்குக் கையில எதுவும் வராது. அதனால அதுக்குக் காசு கொடுக்க நமக்கு மனசு வராது. 'சும்மா பார்த்ததுக்குக் காசா?'ன்னு கேட்போம்.

அப்படிக் கேட்டா மெக்கானிக் என்ன செய்வார்? அரை மணி நேரம் அளந்து 50 ரூபாய் சாமானை மாத்திட்டுத் திட்டு வாங்குறதைவிட, அஞ்சு நிமிஷத்துல பேட்டரியை மாத்திட்டு லாபத்தோட அனுப்புறது அவருக்கு நல்லது. வண்டிக்காரருக்கும் வண்டி இன்னைக்கே வேணும். 'மாத்திப் பார்ப்போம்'ங்கிற பழக்கத்தை மெக்கானிக்குகள் மட்டும் உருவாக்கல. நாமளும் சேர்ந்துதான் உருவாக்கினோம். டாக்டருக்கு மருந்து தனி, கன்சல்டிங் ஃபீஸ் தனின்னு கொடுக்கிறோம்ல? அதே நியாயம் இங்கேயும் வேணும். ஒர்க் ஷாப்ல 'சோதனைக் கூலி'ன்னு ஒரு போர்டு இருந்தா, பேட்டரி மாத்த வர்றவங்கள்ல பல பேர் பேட்டரி மாத்தாமலே திரும்பிப் போவாங்க.

"இனிமே எல்லாம் எலக்ட்ரிக் கார், ஆல்டர்னேட்டரே இருக்காது, இதைப் போய் படிக்கணுமா?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனா எலக்ட்ரிக் கார்லயும் லைட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கு. பெரிய பேட்டரியில இருந்து அதை சார்ஜ் பண்ண ஒரு கன்வெர்ட்டரும் இருக்கு. 2024 ஜூன்ல ஹூண்டாய் இந்தியாவுல 1,744 அயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைச்சுது. காரணம், சார்ஜிங்கைக் கட்டுப்படுத்துற ஐசிசியு. அது பழுதானா 12 வோல்ட் பேட்டரி இறங்கிடும். அந்தக் கார் சென்னைக்குப் பக்கத்துல அசெம்பிள் ஆன கார். அதுக்கு முன்னாடி 2021 செப்டம்பர்ல மாருதி சுசுகி 1,81,754 பெட்ரோல் கார்களை அழைச்சுது. அங்கே சந்தேகம் மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் மேல. சரிபார்க்கிற வரைக்கும் தண்ணி தேங்கின இடத்துல ஓட்டாதீங்கன்னும் சொன்னாங்க. தொழில்நுட்பம் மாறினாலும், 12 வோல்ட் ஏன் வந்து சேரலைங்கிற கேள்வி மாறல. புது கார்கள் பலதுல இசியுவே வோல்டேஜை ஏத்தி இறக்குது, ஓடும்போது 12.8 காட்டினாலும் பழுதுன்னு அர்த்தம் இல்ல. அதனால அளக்கிறவனுக்கு இனி இன்னும் கூடுதலாத்தான் தெரிஞ்சிருக்கணும்.

கடைசியா நம்ம லேப். நாலு வருஷமா நாம தொட்ட எல்லா மெஷினும் வேலை செய்யுற மெஷின். ஏதாவது ஓடலைன்னா லேப் அசிஸ்டன்ட் அண்ணன் வந்து சரி பண்ணிட்டுப் போயிடுவார், நாம ரீடிங் எடுப்போம். ரீடிங் சரியா வரலைன்னா சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுவோம். பொய் சொல்ல வேண்டாம், எல்லாரும் செஞ்சதுதான். ஒரு எண் தப்பா வந்தா அது ஏன்னு யோசிக்கிற அந்த ஒரு இடத்தைத்தான் நாம அழிச்சு எழுதியிருக்கோம்.

சென்னை பாடியில 1961ல தொடங்கின லூகாஸ் டிவிஎஸ் இன்னைக்கும் ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் செய்யுது. பரளச்சியில இருந்து கொஞ்ச தூரத்துல, கமுதியில 2016ல 648 மெகாவாட் சோலார் மின்நிலையம் வந்துச்சு. இதெல்லாம் நம்மூர்லயே இருக்கு. ஆனா 1.1 வோல்ட் எங்கே போச்சுன்னு ஃபைனல் இயர் இஇஇ பையனுக்குத் தெரியல.

டிபார்ட்மென்ட்டுக்கு என் கோரிக்கை சின்னது. பழைய இரும்புக் கடையில இருந்து ஒரு ஆல்டர்னேட்டர், ஒரு பேட்டரி, அதைச் சுத்த ஒரு மோட்டார், நாலு ஹெட்லைட் பல்பு வாங்குங்க. ஸ்டாஃப் ஒரு பழுதை ஒளிச்சு வைக்கட்டும். ஒரு நாள் லைன்ல சின்ன ரெசிஸ்டன்ஸ், ஒரு நாள் ஒரு டையோடு கட், ஒரு நாள் விளக்கு ஒயர் இல்ல. எங்களுக்கு ஒரு மீட்டரும் ஒரு மணி நேரமும் கொடுங்க. பார்த்து எழுத சீனியர் நோட்டு இருக்காது. அருப்புக்கோட்டை அண்ணன் மாதிரி ஒருத்தரை வருஷத்துக்கு ஒரு நாள் கெஸ்ட் லெக்சருக்குக் கூப்பிடுங்க. மத்த கெஸ்ட்டுக்குக் கொடுக்கிற அதே தொகையை அவருக்கும் கொடுங்க.

மாமா மூணாவது பேட்டரி வாங்கல. ரெண்டாவதையே ஒரு நாள் முழுக்க வெளியே மெதுவா சார்ஜ் போட்டோம். இப்ப வரைக்கும் ஓடுது, ராத்திரி சவாரியும் திரும்ப ஆரம்பிச்சுட்டார். பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பக்கத்துத் தெருக்காரர் தன் லோடு வேனைப் பார்க்கச் சொன்னார். லோடு போட்டு அளந்தேன். வோல்டேஜ் ஆல்டர்னேட்டர் முனையிலேயே இறங்குச்சு. பெல்ட் தளர்ந்திருந்துச்சு, இறுக்கினதும் சரியாயிடுச்சு. அவர் 100 ரூபாய் நீட்டினார். சொந்த ஊர்ல வாங்கலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். வாங்கிக்கிட்டேன்.